குழியை மூடிவிட்டு மறுபடி கேளுங்கள்

((((((...((((......))))))))))

கணினியில் ஆர்என்ஏவுக்கு மருந்து தேடுபவர்களுக்கான குறிப்புகள் இவை. மேலே மொத்தம் 29 குறிகள். எச்ஐவி-1 கிருமியின் டார் என்ற ஆர்என்ஏ துண்டின் மேல்பாதியை இப்படித்தான் எழுதுவோம். திறந்த அடைப்பு இணையின் ஒரு கை, மூடிய அடைப்பு அதன் மறுகை. புள்ளி என்றால் துணையில்லாமல் நிற்கும் எழுத்து. எழுத்துகளை அதே வரிசையில் வைத்தால்:

ஜி ஜி சி ஏ ஜி ஏ – யூ சி யூ – ஜி ஏ ஜி சி – சி யூ ஜி ஜி ஜி ஏ – ஜி சி யூ சி – யூ சி யூ ஜி சி சி

முதல் ஆறும் கடைசி ஆறும் சேர்ந்தது கீழ்த்தண்டு. நடுவே நான்கும் நான்கும் மேல்தண்டு. உச்சியில் ஆறு எழுத்துக் கண்ணி. இரண்டு தண்டுக்கும் இடையில், ஒரு பக்கம் மட்டும் பிதுங்கி நிற்கிறதே யூ சி யூ, அந்த மூன்றெழுத்துப் புடைப்புதான் விஷயமே. கிருமியின் டாட் புரதம் வந்து பிடிப்பது அங்கேதான். பிடித்தால் கிருமியின் மரபணு முழுநீளத்துக்குப் படியெடுக்கப்படும். பிடிக்கவிடாமல் ஒரு சின்ன மூலக்கூறை அங்கே செருகிவிட்டால் படியெடுப்பு பாதியில் நின்றுபோகும் என்பதுதான் 1990களிலிருந்து இருக்கும் ஆசை. இன்றுவரை அப்படி ஒரு மருந்து அங்கீகாரம் பெற்று வரவில்லை.

டர்பனில் உட்கார்ந்து கணினியில் ஆர்என்ஏ-மருந்து வேலை பழக வேண்டுமென்றால் இதைவிட நல்ல துண்டு கிடையாது. சிறியது, முப்பது வருடமாகத் துருவித் துருவிப் பார்த்தது, இந்த நாட்டில் எச்ஐவியோடு வாழும் 80 லட்சத்துக்கு அருகிலான மக்களுக்குச் சம்பந்தமுள்ளது. ஒரே ஓர் எச்சரிக்கை. மேலே தந்திருப்பது பாடப்புத்தக வரிசை, பி வகைக் கிருமியினுடையது. குவாசுலு-நட்டாலில் சுற்றுவது பெரும்பாலும் சி வகை. புடைப்பில் மூன்று எழுத்தா இரண்டா என்பதே வகைக்கு வகை மாறும். உள்ளூர் நோயாளிகளின் வரிசைகளை அடுக்கி ஒருமுறை பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

எந்த நரம்பு வலையைத் தொடுவதற்கும் முன்னால், எழுத்து வரிசையிலிருந்து மடிப்பைக் கணிக்கும் ஆர்என்ஏஃபோல்ட் நிரலை ஓட்டுங்கள். அதில் எந்திரக் கற்றல் எதுவும் இல்லை. 1981இல் ஜூக்கர் தந்த ஆற்றல் கணக்கும் 1990இல் மெக்காஸ்கில் தந்த நிகழ்தகவுக் கணக்கும்தான். 29 எழுத்துக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ஒரே விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் ஒவ்வோர் இணைக்கும் உள்ள நிகழ்தகவையும் எடுங்கள். 0.95க்கு மேல் நிற்கும் தண்டும் 0.4இல் தள்ளாடும் தண்டும் படத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். இந்தக் கணக்குக்குப் பின்னால் சில அனுமானங்கள் இருக்கின்றன: 37 டிகிரி, 1 மோலார் சோடியம் குளோரைடு, மெக்னீசியம் கிடையாது, போலி முடிச்சு (ஒரு தண்டின் கண்ணி வெளியே உள்ள எழுத்துகளோடு இணைவது) கிடையாது. கடைசியது பெரிய ஓட்டை. கோவிட் கிருமி தன் புரதத்தைப் படிக்கும்போது ஓரெழுத்து பின்வாங்கவைக்கும் பகுதி மூன்று தண்டுள்ள போலி முடிச்சு. அங்கே அடைப்புக்குறிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஒரே வகை அடைப்பால் அதை எழுதவே முடியாது, சதுர அடைப்பும் சேர்த்தாக வேண்டும். ஆர்என்ஏஃபோல்ட் அதைத் தவறாகச் சொல்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த விடை அதன் பட்டியலிலேயே இல்லை.

அங்கேதான் கற்ற மாதிரிகள் உள்ளே வருகின்றன: 2019இன் ஸ்பாட்-ஆர்என்ஏ, 2021இன் எம்எக்ஸ்ஃபோல்ட்2, 2022இன் யூஃபோல்ட். என் கை போவது எம்எக்ஸ்ஃபோல்ட்2 பக்கம். நரம்பு வலையின் மதிப்பெண்ணோடு பழைய ஆற்றல் கணக்கையும் சேர்த்துக் கட்டியிருப்பதால், பார்த்தறியாத குடும்பத்து ஆர்என்ஏ வந்தாலும் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடாது. போலி முடிச்சு மட்டும் அதற்கும் தெரியாது, அதற்கு மற்ற இரண்டிடம்தான் போக வேண்டும்.

பார்த்தறியாத குடும்பம் என்றேன். இந்தத் துறையின் பாதி ஏமாற்றம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பயிற்சிக்குக் கிடைக்கும் அமைப்புகளில் பெரும்பகுதி டிஆர்என்ஏ, 5எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ, 16எஸ் என்று சில குடும்பங்களின் ஆயிரக்கணக்கான உறவினர்கள். அவற்றைக் குலுக்கிப்போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரித்தால், தேர்வுக்கு வருவது பயிற்சியில் இருந்தவர்களின் ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள். மேட்ரிக் வினாத்தாள் கசிந்த பிறகு தேர்ச்சி விகிதம் பார்ப்பது போலத்தான். சிடி-ஹிட்டில் போட்டு 80 சதவீதத்துக்கு மேல் ஒத்தவற்றை நீக்கிவிட்டேன் என்பார்கள். போதாது. வரிசை 60 சதவீதம் ஒத்திருந்தாலும் ஆர்என்ஏவின் மடிப்பு அப்படியே இருக்கும், ஏனென்றால் பரிணாமம் காப்பது எழுத்தை அல்ல, இணையை. ஜி-சி இருந்த இடத்தில் ஏ-யூ வந்தாலும் தண்டு தண்டுதான். நியூக்ளியோடைடு எழுத்துகளுக்கான சிடி-ஹிட் 80க்குக் கீழே இறங்கவும் செய்யாது. ஆகவே இன்ஃபெர்னல் என்ற தேடல் நிரலை எடுத்து, ஆர்ஃபாம் என்ற ஆர்என்ஏ குடும்பத் தரவுத்தளத்தின் மாதிரிகளோடு ஒவ்வொரு வரிசையையும் ஒப்பிட்டு, ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். அப்படிப் பிரித்துச் சோதித்தபின் பல மாதிரிகளின் மதிப்பெண் பழைய ஆர்என்ஏஃபோல்டின் அளவுக்கே, சில சமயம் அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. உங்கள் மாதிரி ஆர்என்ஏஃபோல்டை 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தால் கொண்டாடுவதற்கு முன் பிரிப்பைத் திரும்பப் பாருங்கள்.

ஆய்வகத்தில் வேதிச் சோதனை செய்ய வழியிருந்தால் நிலைமை நன்றாக மாறும். டிஎம்எஸ் என்ற வேதிப்பொருள் இணையில்லாத ஏ, சி எழுத்துகளைத் தொடும். 2ஏ3 போன்ற பொருள்கள் நான்கையும் தொடும். 2023இல் கேகிள் தளத்தில் போட்டியாக நடந்த ரைபோனான்சா இந்த இரண்டு சோதனைகளின் தரவை ஏறத்தாழ 20 லட்சம் வரிசைகளுக்குத் திரட்டித் தந்தது. குடும்பக் கசிவு நோய்க்கு இதுவரை வந்த நல்ல மருந்து அதுதான் என்பேன். உங்கள் சொந்தத் தரவை ஆர்என்ஏஃபோல்டுக்குள் ஊட்டும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கும். தரவு கிடைக்காத இடங்களை, வழக்கமாக இரு முனைகளில் 20 எழுத்து போல, 0 என்று நிரப்பிவிடுவார்கள். கணக்கு, வினைத்திறனோடு 1 கூட்டி எடுத்த மடக்கையை 1.8ஆல் பெருக்கி 0.6ஐக் கழிக்கிறது. வினைத்திறன் 0 என்றால் மடக்கையும் 0, மிஞ்சுவது மைனஸ் 0.6 கிலோகலோரி. அதாவது ‘இங்கே உறுதியாக இணை உண்டு’ என்று நீங்களே பரிசு கொடுத்ததாகிவிடும். இல்லாத தண்டு முளைப்பது இப்படித்தான்.

முப்பரிமாணத்துக்கு வருவோம். 2022இல் நடந்த, மூலக்கூறுகளின் அமைப்பைக் கணிக்கும் 15ஆவது காஸ்ப் போட்டியில் முதன்முறையாக ஆர்என்ஏக்கள் வைக்கப்பட்டன, மொத்தம் 12. புரதத்தில் ஆழ்கற்றல் எல்லாரையும் ஓரங்கட்டி முடிந்த காலம் அது. ஆர்என்ஏவிலோ முன்னணியில் வந்தது ஆழ்கற்றலை நம்பாத, மனிதக் கண்ணும் வார்ப்பும் சேர்ந்த குழுக்கள். காரணம் எளிது: தீனி இல்லை. புரதத் தரவு வங்கியில் ஆர்என்ஏ உள்ளவை சிறு பங்கு, அதிலும் ரைபோசோமே திரும்பத் திரும்ப வரும். அரைத்த மாவையே அரைக்க வேண்டியிருக்கிறது. 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட் 3 நிலைமையை முன்னேற்றியது உண்மை, ஆனால் புரதத்தில் பழகிய நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது.

அதை இங்கே ஓட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள். தரவுத்தளங்கள் இறக்கும்போது சுமார் 252 ஜிகாபைட், விரித்தால் 630. வீட்டு இணைப்பில் முயலாதீர்கள். கல்வித்துறையில் இருப்பவர்கள் கேப்டவுனில் உள்ள உயர்திறன் கணினி மையமான சிஎச்பிசியின் லெங்காவ் கணினியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வி100 என்ற வரைகலை அட்டை கிடைத்தால் கவனம். ஆல்ஃபாஃபோல்ட் 3 அந்தத் தலைமுறை அட்டைகளில் எண் துல்லியம் கெட்டு, அணு மேல் அணு ஏறிய குப்பையை எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தரும். அது பயன்படுத்தும் எக்ஸ்எல்ஏ தொகுப்பியில் ஓர் அமைப்பை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதன் ஆவணத்தில் அறியப்பட்ட சிக்கல்கள் என்ற பக்கத்தில் எழுதியிருக்கிறது. படிக்காமல் ஓட்டிவிட்டு ‘ஆர்என்ஏவுக்கு இது லாயக்கில்லை’ என்று முடிவுகட்டுவது எளிது. டார் போன்ற 29 எழுத்துத் துண்டுக்கு உறவு வரிசைத் தேடலால் பயனும் இல்லை. உறவு வரிசைகள் இல்லாத வெற்று அடுக்கைக் கொடுத்துத் தேடலைத் தாண்டினால் நேரம் மிச்சம்.

இன்னொன்று, இது நுட்பமானது. அந்த மாதிரியின் பயிற்சிக்கான அமைப்புகள் 2021 செப்டம்பர் 30 வரை வெளியானவை. டாரின் அமைப்புகள் 1990களிலிருந்தே வங்கியில் கிடக்கின்றன. ஆகவே டார் அழகாக வந்தால் அது ஊகமில்லை, நினைவு. ஐந்து விதைகள் (ஓட்டத்தைத் தொடங்கும் தற்போக்கு எண்கள்), விதைக்கு ஐந்து மாதிரிகள் என்று 25 அமைப்பு வாங்கிப் பார்த்துப் புடைப்பு ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி வளைந்திருந்தால், ‘இதோ ஆர்என்ஏவின் அசைவு’ என்று சிலர் மகிழ்வார்கள். அது மாதிரியின் தடுமாற்றம். வெப்பச் சமநிலையில் ஆர்என்ஏ எத்தனை நேரம் எந்த உருவில் இருக்கும் என்பதை அந்த 25ம் சொல்லாது.

அசைவுதான் டாரின் உயிர். மருந்தில்லாதபோது அது மடித்த முழங்கை போல, இரு தண்டும் கோணலாக நிற்கிறது. புரதத் தரவு வங்கியில் 1ஏஎன்ஆர் என்ற அமைப்பைத் திறந்தால் பார்க்கலாம். ஆர்ஜினினமைடு என்ற சின்ன மூலக்கூறு வந்ததும், 1ஏஆர்ஜேயில் உள்ளபடி, கை நீள்கிறது. இரண்டு தண்டும் ஒன்றன்மேல் ஒன்று நிமிர்ந்து அடுக்கிக்கொள்ள, புடைப்பின் முதல் யூ மேல்தண்டின் ஏ-யூ இணையோடு மூன்றாம் ஆளாக ஒட்டிக்கொள்ள, மற்ற இரண்டு எழுத்தும் வெளியே துருத்திக்கொள்கின்றன. மருந்து உட்காரும் குழி அப்போதுதான் உருவாகிறது. முதல் அமைப்பில் டாக்கிங் (மூலக்கூறைக் கணினியில் செருகிப் பார்ப்பது) செய்தால் இல்லாத குழியில் இடம் தேடுகிறீர்கள். இரண்டாவதில் செய்தால் ஆர்ஜினினைப் போன்றவை மட்டும் மேலே வரும். இதற்கு ஹாஷிம் அல்-ஹாஷிமியின் குழு காட்டிய வழி, என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) தரவோடு பொருந்தும் உருவங்களைத் தொகுப்பாக எடுத்து, அத்தனையிலும் டாக்கிங் செய்வது. 2018இல் சுமார் ஒரு லட்சம் மூலக்கூறுகளை உண்மையிலேயே சோதித்து, அந்தத் தொகுப்பு முறை நல்லவற்றை மேலே கொண்டுவருகிறதா என்று ஒப்பிட்டார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆர்என்ஏவுக்குப் பொருந்தாது. இருபது பருக்கை வேண்டும்.

டாக்கிங்குக்கு ஆர்டாக் நிரல் போதும். ஆர்என்ஏவையும் மனதில் வைத்துக் கட்டியது, இலவசம். தெரிந்த மருந்தைச் சுற்றி 10 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் குழியை வரையறுத்து, மூலக்கூறுக்கு 50 ஓட்டம் கொடுங்கள். தெரிந்த மருந்தை எடுத்து, மறுபடி செருகி, 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் அதே இடத்துக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி தயாரிப்பு நிரல்தான்: புரதத்துக்கு எழுதிய நிரல் தண்ணீரோடு சேர்த்து மெக்னீசியத்தையும் கழுவி ஊற்றியிருக்கும். டிபிபி என்ற சின்ன மூலக்கூறைப் பிடித்து மரபணுவைக் கட்டுப்படுத்தும் ஆர்என்ஏவான டிபிபி ரைபோசுவிட்சில், அந்த மூலக்கூறின் இரட்டை பாஸ்பேட்டை ஆர்என்ஏ நேராகப் பிடிப்பதில்லை, இடையில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் நின்று பிடித்துக்கொடுக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் எதிர்மின்னும் எதிர்மின்னும் முட்டி, சரியான இடமே மிக மோசமான மதிப்பெண் வாங்கும். அடுத்த சந்தேகம் மருந்தின் அமீன்கள். உடல் அமிலத்தன்மையில் அவை நேர்மின் ஏற்றவை. நடுநிலையாக வரைந்து விட்டுவிடாதீர்கள்.

இந்த நேர்மின்தான் கற்ற மாதிரிகளின் பொறியும். பிடிப்பு வலிமைகளைத் தொகுக்கும் பிடிபிபைண்ட் தரவுத்தளத்தின் 2020 பதிப்பில் புரதம்-மருந்து ஜோடிகள் 19,443. நியூக்ளிக் அமிலம்-மருந்து ஜோடிகள் 149. அந்த 149இல் ஒரு வரைபட நரம்பு வலையைப் பயிற்றினால் அது கற்பது என்ன? ஆர்என்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின். அமினோகிளைகோசைடுகள் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் நான்கைந்து நேர்மின்னோடு வந்து எல்லா ஆர்என்ஏவிலும் ஒட்டும். ஒட்டாதவை என்று போலிகளாகச் சேர்க்கும் மூலக்கூறுகளோ பெரும்பாலும் மின்னற்றவை. ஆக, நேர்மின் எண்ணத் தெரிந்தாலே 0.9 மதிப்பெண். ஆகவே மின்னேற்றம், எடை, ஹைட்ரஜன் கொடுக்கும் இடங்கள் என்று மூன்றே மூன்று எண்ணை வைத்து ஒரு சாதாரண லாஜிஸ்டிக் மாதிரி கட்டி அருகில் வையுங்கள். உங்கள் நரம்பு வலை அதைத் தாண்டவில்லை என்றால் குழியை அது பார்க்கவே இல்லை.

பார்த்ததா என்று அறிய நேரான வழி, குழியை மூடிவிட்டு மறுபடி கேட்பது. டாரில் யூ சி யூ மூன்றையும் வெட்டிவிடுங்கள்:

((((((((((......))))))))))

26 எழுத்து, பத்து இணை, நேரான தண்டு, அதே கண்ணி. புடைப்பை நம்பிய மருந்து இங்கே மதிப்பெண் இழக்க வேண்டும். இழக்காமல் அதே மருந்து அதே உயரத்தில் நின்றால், மாதிரி மருந்தின் முகத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறது. அடுத்து எழுத்துகளைக் குலுக்கிய வரிசை, அதுவும் அடுத்தடுத்த ஈரெழுத்துச் சேர்க்கைகளின் எண்ணிக்கை மாறாமல் குலுக்கியது. அதன் பிறகு இன்னும் கடினமான சோதனை ஒன்று இருக்கிறது, இந்த மாகாணத்துக்கு அது அந்நியமும் இல்லை. துகேலா ஃபெர்ரியில் 2005-06இல் கண்டறிந்த 53 தீவிர மருந்தெதிர்ப்புக் காசநோயாளிகளில் 52 பேர் இறந்தார்கள். ஊசி மருந்துகளும் வேலை செய்யாத நோய் அது. அமிகாசினும் கானாமைசினும் காசக்கிருமியின் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவில் ஒட்டுபவை. 1401ஆம் இடத்தில் ஏ போய் ஜி வந்தால் போதும், இரண்டும் பயனற்றுப்போகும். மனிதச் செல்லின் சொந்த ரைபோசோமிலும் அதற்கு நேரான இடத்தில் ஜிதான் இருக்கிறது. மருந்து கிருமியைத் தேடிப்போய்ப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அந்த இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிக் கேளுங்கள்: அமிகாசின் விழுகிறதா? அதே வகை மருந்தான பரோமோமைசினை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதன் முதல் வளையத்தில் அமீனுக்குப் பதில் ஹைட்ராக்சில் இருப்பதால் இந்த மாற்றம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. உண்மையில் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லும் மாதிரி கிடைத்தால் அதை விடாதீர்கள். நோயாளிகளின் உடலிலேயே விடை எழுதப்பட்ட கேள்வி இது. எந்தத் தரவுத்தொகுப்பும் இவ்வளவு சுத்தமாகத் தராது.

அமைப்பைக் கணிக்கும் போல்ட்ஸ்-2 என்ற மாதிரி, மருந்தின் பிடிப்பு வலிமையையும் எண்ணாகத் தருகிறதே என்று கேட்பீர்கள். புரதத்துக்கு மட்டும். ஆர்என்ஏவைக் கொடுத்தாலும் ஓட்டம் நிற்காது, எண்ணும் வரும், ஆனால் அதை நம்ப வேண்டாமென்று அதன் ஆவணமே சொல்கிறது. இப்படி மறுக்காமல் பதில் சொல்லும் கருவிகள்தான் ஆபத்து.

கணினி தேர்ந்ததில் 50 மூலக்கூறு வாங்கிச் சோதிக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஆர்என்ஏவை 95 டிகிரியில் 3 நிமிடம் சூடாக்கி உடனே பனிக்கட்டியில் வையுங்கள். மெதுவாக ஆறவிட்டால், டாரின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால், ஒரு கொண்டை ஊசி மடிவதற்குப் பதில் இரண்டு இழைகள் கட்டிக்கொண்டு இரட்டையாகிவிடும். செறிவு கூடக்கூட இது மோசமாகும். அளவைக்கு ஒளிரும் டாட் பெப்டைடை டாரிலிருந்து விரட்டுகிறதா என்று பார்ப்பது பழகிய முறை: 50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.4, 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.01 சதவீதம் டிரைட்டான் (சோப்பு போன்ற பொருள்). டிரைட்டானை விட்டுவிட்டால் நீரில் திரண்டு கட்டியாகும் மூலக்கூறுகள் எல்லாம் வெற்றிபெற்றதாகக் காட்டும். மருந்தே ஒளிர்கிறதா என்று தனியாக ஒரு கிண்ணத்தில் பாருங்கள். பிறகு அதே அளவையை 100 மடங்கு டிஆர்என்ஏ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். எதிலும் ஒட்டும் மருந்து அங்கே கரைந்துபோகும், முதல் சுற்றில் ஜெயித்தவற்றில் கணிசமானவை போய்விட்டால் மனம் உடைய வேண்டாம். புடைப்பில்லாத 26 எழுத்துத் துண்டை 29உடன் சேர்த்து ஒரே ஆர்டரில் வாங்கிவிடுங்கள். தனியாக வரவழைத்தால் இன்னொரு உலர்பனிக்கட்டிச் செலவு, சுங்கத்தில் இன்னொரு காத்திருப்பு. வந்ததும் இரண்டையும் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் மைனஸ் 80 பெட்டியின் கதவைத் திறக்காமல் இருக்க முடியும். ஆனால் ஒரே குழாயைப் பத்து முறை உருக்கி உறையவைத்தபின் கிடைக்கும் மங்கலான பட்டைக்கு நரம்பு வலை பொறுப்பில்லை.